ஏரல் பக்கம் கட்டிய கல்யாணப் பந்தல்

தூத்துக்குடி,
தை 28

அன்பு மகள் சந்தனச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. கொச்சியில் மழையா, வெயிலா? சுகமாக இருக்கிறாயா? அம்மா வாரம் தவறாமல் உன்னுடன் பேசுவது எனக்குத் தெரியும். நான் உள்ளே வந்ததும் போனை வைத்துவிடுகிறாள். நானும் பேசலாம்தான். இரண்டு வருஷம் கழித்து முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று பிடிபடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பந்தல் தொழிலும் பரவாயில்லை. இப்போது எல்லாரும் போனில் ஒரு படத்தைக் காட்டி, அச்சு அசலாக இப்படியே வேண்டும் என்கிறார்கள்.

போன வாரம் ஏரல் பக்கம் ஒரு கிராமத்தில் பந்தல். பேச்சிராஜா என்பவரின் மகள் கல்யாணம். வாசலில் குலை வாழை, உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக மேல்துணி, சுற்றிலும் தென்னங்குருத்துத் தோரணம். ஒன்றில் மட்டும் அவர் கறாராக இருந்தார். தெருவைப் பார்த்த பக்கத்தைத் தரைவரை துணி கட்டி மறைத்துவிட வேண்டும். காற்று வராதே என்றேன். ஃபேன் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

எதற்கு என்று எனக்கு மண்டைக் குடைச்சல். ஏணியில் நின்று துணி கட்டும்போது பார்த்தேன், எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு அம்மாள் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். சமையல்காரரிடம் விசாரித்தேன். அவர் பேச்சிராஜாவின் கூடப்பிறந்த தங்கை முப்பிடாதியாம். வயல் பாகம் பிரித்ததில் தகராறு, ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை, பத்திரிகைகூட வைக்கவில்லை என்றார்.

சாயங்காலம் கல்யாணப் பெண்ணே என்னிடம் வந்தாள். கையில் மருதாணி காயவில்லை. "அண்ணாச்சி, தாலி கட்டுத நேரம் மட்டும் அந்தத் துணியத் தூக்கிக் கட்டுதியளா? அத்தை பாக்கணும்" என்றாள்.

மறுநாள் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் துணியைச் சுருட்டி இரண்டு பக்கமும் கம்பில் கட்டினேன். அலங்காரம்போல் தெரியட்டும் என்று மீந்த சாமந்திச் சரத்தை அதன்மேல் சுற்றினேன். பேச்சிராஜா பார்த்துவிட்டார். முகம் கறுத்தது. சபை கூடியிருந்ததால் மணமேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கெட்டிமேளம் முழங்கியபோது முப்பிடாதி தன் வீட்டு வாசலில் நின்று ஒரு கை அரிசியை வீசினார். பந்தல்வரை வரவில்லை, தெருவில் விழுந்தது. எல்லாரும் மணமேடையைப் பார்க்க, நான் பேச்சிராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷர் என்ன செய்யப் போகிறார்? அட்சதைத் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பாதி வழியில் நின்று தட்டை நீட்டி, "ஏளா, வந்து போடு" என்றார். அந்த அம்மாள் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

அன்றிலிருந்து உன்னிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது. ரிஜிஸ்தர் ஆபீசில் உன் கல்யாணம் எத்தனை மணிக்கு நடந்தது? என்ன நிறச் சேலை கட்டியிருந்தாய்? தலைக்குப் பூ யார் வாங்கித் தந்தார்கள்? வாசலை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாயா? நீ கூப்பிடத்தான் செய்தாய். நான் அன்றைக்குச் சாயர்புரத்தில் வேறு ஒரு பெண்ணுக்கு மணமேடை கட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் போட்டோ இருக்கிறது. நான் கேட்டதில்லை. நீயே எழுதினால் நல்லது.

உடன்குடிக் கருப்பட்டி பார்சலில் வருகிறது. பங்குனியில் எனக்கு வேலை குறைவு. இரண்டு பேரும் எந்த ரயிலில் வருவீர்கள் என்று எழுது, ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். ஜெனிஸ் மாப்பிள்ளைக்குக் கருப்பட்டிக் காப்பி பிடிக்குமா? மாமா கேட்டதாக அவரிடம் சொல்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லப்பாண்டி