நாச்சிமுத்துவின் முறைத் தண்ணீர்

தை 5, செவ்வாய்

பனி. காலையில் மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம், தேங்காய். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வைத்த முதல் ஆள் நான்தான். மேற்கே ஒருவன் போன வருஷமே வைத்தான். அது சின்னது, கணக்கில் வராது. சுவிட்சைத் தட்டியதும் யானைத் தும்பிக்கைப் பருமனுக்குத் தண்ணீர்.

பைக்காரா அருவியே கம்பி வழியாக இறங்கி வருகிறது என்று கூட்டத்துக்கு விளக்கினேன். நேரில் போய்ப் பார்த்ததாகவும் சொன்னேன். காரமடை வரை போயிருக்கிறேன். மலை அங்கிருந்தே தெரியும்.

தம்பி நாச்சிமுத்து ஓரமாக நின்று பார்த்தான். கிணறு எங்கள் இருவருக்கும் பொது. ஒருநாள் எனக்கு, மறுநாள் அவனுக்கு. அப்பா வைத்த முறை. அவன் இன்னும் கவலை ஏற்றம்தான், மாடு கட்டித் தோல் சாலில் இறைப்பு.

வாங்க வேண்டியது: மோட்டார் எண்ணெய். கொட்டகைக்குத் தகரம். எனக்குக் கைக்கடிகாரம் (பிறகு).

தை 9, சனி

என் முறை. கோபிசெட்டிபாளையத்துச் சம்பந்தி வீட்டார் பார்க்க வந்தார்கள். அவர்களுக்காகப் பொழுது சாயும் வரை ஓட்டினேன். பாத்தி நிரம்பி இட்டேரித் தடத்தில் ஓடியது. உங்கள் ஊர் மாதிரியே நானும் வாழை வைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். கன்று அனுப்புகிறார்களாம். இனி வைத்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டில் சொன்னது: "ஏனுங்க, பேசாம அந்த மோட்டாரையே கட்டியிருக்கலாமுங்க நீங்க."

தை 16, சனி

நாச்சிமுத்து முறை. நாலு சாலுக்குமேல் வரவில்லையாம். மாடு நாளெல்லாம் இழுத்தாலும் முன்பு பாதிக் கிணறு குறையாது, விடிவதற்குள் ஊறிவிடும். மோட்டார் அடிவரை உறிஞ்சிவிடுகிறது. அவனுடைய பருத்தி காய் பிடிக்கிற சமயம். தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, உங்க முறையில மத்தியானத்தோட நிறுத்திக்க முடியுங்களா? சாலு பாறையில இடிக்குதுங்க."

பக்கத்தில் ஆட்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். "கரண்டு மோட்டாரைப் பாதியில நிறுத்துனா எரிஞ்சுபோகும் கண்ணு. போட்டா பொழுது சாயத்தான் நிறுத்தோணும். கரண்டு ஆபீஸ் துரையே சொல்லியிருக்காரு."

துரையை நான் பார்த்ததே இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாரம் வரை தொட்டவன், அவன் எழுத்தே தொடாதவன். "அப்படீங்களா, எனக்குத் தெரியாதுங்க" என்று மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் வீட்டுக்காரி வெல்லக் கச்சாயம் சுட்டிருந்தாள். தின்றேன்.

தை 24, ஞாயிறு

காற்று. காப்பிக் கடையில் ஒருவன் எனக்கே சொல்கிறான், கரண்டு மோட்டாரைப் பாதியில் நிறுத்தினால் எரிந்துபோகுமாம். ஆமாம் என்றேன். இனி நடுவில் நிறுத்தினால் ஊர் பார்க்கும். என் முறையில் பொழுது சாயும் வரை ஓடுகிறது. வாழை நட்டாயிற்று.

தம்பி காட்டில் பருத்தி இலை பழுத்துவிட்டது. காய் பிஞ்சிலேயே கொட்டுகிறது. தூரத்திலிருந்து பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து நகம் வெட்டினேன்.

மாசி 1, சனி

நாச்சிமுத்து மாடுகளைச் சந்தையில் விற்றுப்போட்டான். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை. மேஸ்திரி என் பழக்கம், நான் சொல்லித்தான் எடுத்தார்கள் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். எந்த மேஸ்திரி என்று எவனும் கேட்கவில்லை.

புறப்படும்போது, "என் முறையையும் நீங்களே ஓட்டிக்குங்கண்ணா" என்றான்.

சரி என்றேன்.

மாசி 16, ஞாயிறு

மில் லீவு. தம்பி வந்தான். காது மடலிலெல்லாம் பஞ்சு. மில் மோட்டார் எப்படி ஓடுகிறது என்று நானே அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். முழுதும் கேட்டான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு,

"அங்க நினைச்சப்ப நிறுத்தறாங்க, நினைச்சப்ப போடறாங்கண்ணா. ஒண்ணும் எரியறதில்லீங்க."

மில் மோட்டார் வேறு ஜாதி என்று சொல்லப் பார்த்தேன். நல்ல பதில்தான். மோர் கொண்டுவரச் சொன்னேன். மோர் குடித்தான். "வாரேனுங்க" என்று எழுந்துவிட்டான். கோபம் ஏதும் தெரியவில்லை.

என் முறை. மோட்டார் போடவில்லை. தலைவலி என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

மாசி 17, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. கிணற்றில் நல்ல தண்ணீர். இன்று அவன் முறை. காலையில் மோட்டாரைப் போட்டு அவன் காட்டுப் பக்கம் மடையைத் திறந்தேன். தம்பிக்கு அண்ணன் இறைத்துக் கொடுக்கிறான் என்று நாலு பேர் சொல்லட்டும். மண்வெட்டியோடு வாய்க்கால் கூடவே நடந்தேன். அந்தப் பக்கம் போய் நாளாகிறது.

பருத்திச் செடி ஒன்றுகூட நிற்கவில்லை. வேரோடு பிடுங்கி, கட்டுக்கட்டாகத் தரையில். தம்பி பெண்டாட்டி பழனாத்தாள் குனிந்து கட்டிக்கொண்டிருந்தாள். மில்லில் கொடுத்த லைன் வீட்டு அடுப்புக்காம். ஏற்றிப்போக வண்டி சொல்லியிருக்கிறாளாம், அதோடு அவளும் போகிறாள்.

"தண்ணி வருது அம்மணி" என்றேன்.

முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். "வேண்டாமுங்க மாமா. விறகு நனைஞ்சுபோகுமுங்க."

மண்வெட்டிக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். மடையை அவளே அடைத்தாள்.