பதினோரு பக்கம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், எழுதத்தான் நேரமிருக்காது.

சிட்டுவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நேற்று பாங்கில் அவளுக்காகக் கையெழுத்துப் போடப் போனேன். "இனிமே அவங்க மேஜர்மா, நீங்க போட்டா செல்லாது" என்கிறான் கவுண்டரில் இருப்பவன். பெற்றவள் நான், பல் தேய்த்துவிடுவதும் நான், கையெழுத்து மட்டும் அவள் போட வேண்டுமாம்! எனக்கு வந்த எரிச்சலில் பேனாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

தானாக முடிவெடுக்க முடியாத பிள்ளை என்பதால் கோர்ட்டில் என்னைக் காப்பாளராக நியமிக்க வேண்டும், எனக்குப் பிறகு யார் என்றும் எழுத வேண்டும் என்கிறார் வக்கீலம்மா. உன்னைத்தான் சொன்னேன். வீடு சிட்டுவுக்கான அறக்கட்டளைக்குப் போகும். அவள் இருக்கும்வரை யாரும் விற்க முடியாது.

நீ கையெழுத்துப் போட வேண்டிய படிவங்களோடு ஓர் உறையும் ஒட்டி வைத்திருக்கிறேன். என்ன சாப்பிடுவாள், எதற்கு அழுவாள் என்று பதினோரு பக்கம். முதலில் அதைப் படி.

அக்கா

ஏப்ரல் 19

அன்பு அக்காவுக்கு,

வேலை கழுத்தை நெரிக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

சிட்டுவை நான் விட்டுவிடுவேனா? அறக்கட்டளை, கோர்ட் எல்லாம் நாதியில்லாதவர்களுக்கு. பேசாமல் வீட்டை என் பெயருக்கு எழுதிவிடு, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். என்மேல் நம்பிக்கை இல்லையா?

எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன். நீயே வைத்துக்கொள் என்று திருப்பி அனுப்புகிறேன். பார்சலில் சிட்டுவுக்கு முந்திரி சாக்லேட்டும் வைத்திருக்கிறேன்.

தம்பி

மே 2

தம்பிக்கு,

பார்சல் வந்தது. உறை நான் ஒட்டியபடியே இருக்கிறது.

முதல் பக்கத்தில் முதல் வரியே, முந்திரி, பாதாம் என்று கடிக்கிற பருப்பு எதுவும் கொடுக்காதே, தொண்டையில் சிக்கும் என்பதுதான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நீ ஓநாய் இல்லை, வெறும் சோம்பேறி. அதுதான் எனக்கு ஆறவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் நகலைக் கொடுத்தேன். சிட்டு தினமும் அவர் கடையில்தான் பட்டன் பிரித்துப் போடுவாள். மறுநாள் வந்து சண்டை பிடித்தார். "குக்கர் சத்தத்துக்கு அழுவான்னு எழுதியிருக்கீங்க. மிக்சிக்கும்தானே அழுவா? அத ஏன் எழுதல?"

எழுதவில்லைதான். பன்னிரண்டாம் பக்கம் அவர் கையெழுத்தில் இருக்கிறது. படிவத்தில் எனக்குப் பிறகு யார் என்ற இடத்திலும் அவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உறையை மறுபடி அனுப்புகிறேன். கையெழுத்துக்கு அல்ல. மாமா என்று என்றைக்காவது வருவாய். வருவதற்கு முன் முதல் பக்கத்தையாவது படித்துவிட்டு வா.

அக்கா