திறப்பு யாரிடம்?

படுக்கப் போகுமுன் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கும் என் அப்பாவுக்கு,

நான் ஒரு பிழை செய்துவிட்டேன். வேறு யாரிடம் சொல்ல? நீங்கள் ஏசுவீர்கள், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் ஏசுவீர்கள்.

போன கிழமை ஒட்டாவாவிலிருந்து வெளிநாட்டு அமைச்சின் பெண் அதிகாரி ஒருவர் மொன்றியலுக்கு வந்திருந்தார். பிற நாடுகளில் கும்பிடுவதற்காக அடி வாங்குகிறவர்களைப் பற்றி விசாரித்து, அந்தந்த அரசுகளிடம் கனடா கேள்வி கேட்குமாம். எங்கள் ஆட்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டிருந்தார். உங்களைப் பற்றிச் சொல்ல நானும் போனேன்.

ஊரில் எங்கள் எதிர்வீட்டு ஜெபக்கூடத்துப் போதகரை ஒரு கூட்டம் மிரட்டித் துரத்தியபோது, அவர் கூடத்துப் பூட்டின் திறப்பை உங்கள் கையில் தந்துவிட்டுப் போனதைச் சொன்னேன். நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டு, ஞாயிறு தவறாமல் நீங்கள் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டதைச் சொன்னேன். அந்தக் கூட்டம் உங்கள் கையை முறித்தும் நீங்கள் திறப்பைக் கொடுக்காததையும் சொன்னேன்.

"உங்கள் அப்பா கிறிஸ்தவரா?" என்று கேட்டார். சைவம் என்றேன். பேனாவை வைத்துவிட்டுத் தாளை மேலும் கீழும் புரட்டினார். படிவத்தில் உங்களுக்கு இடமில்லை போலும்.

பெயரும் ஊரும் கேட்டார். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லுகிற பழக்கத்தில் கடகடவென்று சொன்னேன்; நட்சத்திரம் ஒன்றுதான் பாக்கி. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது, இனி உங்களை யார் என்ன செய்ய முடியும்? "இப்போது திறப்பு யாரிடம்?" என்றார். அதே வேகத்தில் தம்பியின் பெயரையும் சொல்லிவிட்டேன்.

மெட்ரோவில் வரும்போதுதான், அந்தப் பெயர் அங்குள்ள அரசின் கைக்கும் போகும் என்பது உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"உனக்கென்ன விசரோ அக்கா? எம்பசிக்காரர் காரில வந்து கதைச்சிட்டுப் போயிடுவினம். பேந்து இஞ்ச இருக்கப்போறது நான்தானே?"

பெயரை எடுக்கச் சொல்ல இரண்டு நாள் விடாமல் போன் எடுத்தேன். அதிகாரியின் போனில் பதிவுக்குரல் பிரெஞ்சில் பேசியது, ஆங்கிலத்தில் பேசியது. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். நல்ல மனுசி, குறை சொல்ல மாட்டேன். "உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயர் இருந்தால்தான் எங்கள் தூதரகம் பாதுகாப்புக் கேட்கலாம். அதை எடுத்துவிட்டால் யாருக்காகக் கேட்பது? நாளைக்குள் சொல்லுங்கள்" என்றார்.

அவர் சொன்னதும் சரி, தம்பி சொன்னதும் சரி. நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள் அப்பா?

தம்பியிடமே கேட்டேன். "என்ர பேரை வெட்டச் சொல்லு" என்றான். எனக்கு உயிர் வந்தது.

"அப்ப அந்தத் திறப்பையும் ஆரிட்டையாவது குடுத்திடு ராசா."

அதற்குத்தான் அவன் மசியவில்லை.

"அது ஏலாது அக்கா. ஞாயிற்றுக்கிழமை சனம் வந்து வாசல்ல நிக்குமெல்லே?"

பெயரை வெட்டுவித்துவிட்டேன். இனி அவனுக்காகக் கேட்க எந்த அரசும் இல்லை. பயமாக இருக்கிறது. கோபமும் வருகிறது, உங்கள் மேல்தான். அந்தப் பிடிவாதத்தையும் சேர்த்தா அவனிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள்?

அங்கே ஞாயிறு பின்னேரம் ஜெபம் தொடங்கும்போது இங்கே லாசாலில் விடிந்துகொண்டிருக்கும். கதவைத் திறக்கும்போதே என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். "பூட்டிட்டன் அக்கா, இழுத்தும் பாத்திட்டன்" என்று அவன் சொல்லும்வரை போனை வைக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வாயாடி
மூத்த மகள்