கையில் சுற்றிய கயிறு

ஜூன் 15, 2025, ஞாயிறு

ஒரு மனிதரை ‘வாங்க’ என்று கூப்பிட மனமில்லாததால்தான் என் அப்பா வேப்பமரத்தைத் தானே வெட்டப்போகிறார். வேறு காரணம் எதுவும் இல்லை.

அடுப்படி ஓட்டின் மேல் சாய்ந்திருக்கும் பெரிய கிளையை ஆடிக்காற்றுக்கு முன்னால் இறக்கியாக வேண்டும். காலையில் சின்னக்கருப்பன் வந்தார். ராஜபாளையத்தில் பாதித் தெரு மரங்களில் ஏறியவர், அப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவரிடம் அப்பா நாற்காலியில் இருந்தபடியே, “ஏலே, எம்புட்டு நேரம்லே பாப்ப? பொண்ணா பாக்க வந்திருக்க?” என்றார்.

“பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. இல்ல, வாங்கன்னு கூப்பிடுங்க. ஏலேன்னா நான் ஏற மாட்டேன்.”

சத்தம் போடாமல்தான் சொன்னார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

“அவன் ஏறாட்டி கிளை எறங்காதோ? மில்லுல இத்தன வருசம் பிட்டர் நான். நான் தூக்காத வெயிட்டா?” என்றார் அப்பா.

சின்னக்கருப்பன் எந்தத் தெரு என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால்தான் அவர் வயது தெரியவில்லை.

ஜூன் 17

ஸ்ரீவில்லிபுத்தூர் எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இன்று கூமாப்பட்டிக்காரர் ஒருவர். சொந்த வீட்டு மாமரம், ஏணி வழுக்கி இரண்டு குதிகாலும் நொறுங்கிவிட்டன. “நம்ம வீட்டு மரந்தானம்மான்னு ஏறுனேன்” என்றார். போன மாதம் வத்திராயிருப்பு வாத்தியார், இடுப்பு. அவரும் இதையேதான் சொன்னார். நம் வீட்டு மரம் என்றால் மெதுவாக விழுமா?

அப்பாவிடம் சொன்னேன். “அவனுக்கு ஏணி வைக்கத் தெரியல” என்றவர், குழம்பு ஊற்றச் சொன்னார்.

ஜூன் 20

நைலான் கயிறு வந்துவிட்டது. தச்சர் பிரேம்குமாரிடம் மெஷின் ரம்பம் இரவல். அப்பா போனில் மரம் வெட்டும் வீடியோ பார்க்கிறார். வீடியோவில் இருப்பவன் தலையில் ஹெல்மெட். அப்பா தலையில் துண்டு.

ஜூன் 21

ரம்பத்துக்கு வைத்திருந்த பெட்ரோலைச் சாக்கடையில் கொட்டினேன். அரை மணி நேரத்தில் வேறு வாங்கி வந்துவிட்டார். யார் கொட்டியது என்றுகூடக் கேட்கவில்லை.

கயிற்றை அம்மா பிடிக்க வேண்டுமாம். ஏன் நீ, என்றேன். “வேற யாருட்டி இருக்கா?” என்றாள்.

நாளை கிளையை இறக்கும் நேரம் எனக்கு ட்யூட்டி. கூட வேலை பார்க்கும் ஜாஸ்மின் லீவு. மாற்ற ஆள் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பதினொன்று நாற்பதுக்கு வந்த சீட்டில் வெள்ளத்தாய், 47, வலது மணிக்கட்டு என்று இருந்தது.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி இல்லாமலா? நான் இருக்கிறேன் என்று அப்பா அம்மாவை ஆட்டோவில் இங்கே கொண்டுவந்திருக்கிறார். பஸ் ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் அம்மாவின் கையில் இறங்கியிருக்கும்.

ஒரு படம் போதாது. பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். உடைந்த கையை நான்தான் பிடித்துத் திருப்பினேன். எல்லோரிடமும் சொல்வதைத்தான் அம்மாவிடமும் சொன்னேன் — அசையாம இரும்மா. அசையாமல் இருந்தாள்.

ஜூன் 23

நடந்தது இதுதான். கிளை பாதி அறுபட்டபோதே மரப்பட்டையோடு கிழிந்து தொங்கியிருக்கிறது. கிளையில் கட்டி மேல் கவட்டை வழியாக அம்மா பிடித்திருந்த கயிறு ஒரே இழுப்பாக மேலே போயிருக்கிறது. அம்மாவும் கூடவே போயிருக்கிறாள்.

அப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. “கயித்த விட்டிருக்கணும்ல. அவதான் விடல” என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறார்.

அவர் வெளியே போன பிறகு அம்மா என்னிடம் சொன்னாள். “நழுவாம கையில ரெண்டு சுத்து சுத்திக்கன்னு சொன்னது ஒங்கப்பாதாண்டி.”

அவர் இருக்கும்போது ஏம்மா சொல்லல? கேட்கவில்லை. நான் மட்டும் என்ன கிழித்தேன்? பெட்ரோலைக் கொட்டினேன்.

ஜூன் 26

கிளை அப்படியே தொங்குகிறது. அடுப்படிக்குள் போக முடியாது. அடுப்பை முன்வாசலுக்கு மாற்றிவிட்டேன்.

சின்னக்கருப்பன் வீட்டுக்குப் போனேன். முதலில் அம்மாவின் கையைத்தான் விசாரித்தார். கையில் சுற்றியதைச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார். “அடிமரத்துலல்லா சுத்தணும் தாயி. கையில சுத்துனா கிளை போற எடத்துக்குக் கையும் போவும்.”

“வாரீகளா?”

“ஒங்க அப்பா கூப்பிடட்டும். அதுவரைக்கும் அடியில யாரும் போகாதிய.”

கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது?

ஜூலை 3

காற்று தொடங்கிவிட்டது. பட்டை கிரீச்சிடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா டிவி வால்யூமைக் கூட்டி வைக்கிறார்.

ஜூலை 9

அம்மா பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிப்பவள். பதினாறு வருடம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கயிறு நெரித்ததில் இரண்டு விரல் இனிமேல் முழுதாக மடங்காது என்றார். வீட்டில் சொன்னேன். அப்பா, “வேற டாக்டரப் பாப்போம்” என்றார். அம்மா இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

அப்பா கூப்பிடவே இல்லை. காலையில் அம்மா மாவுக்கட்டுக் கையோடு தானே நடந்து போய், “வாங்கண்ணே” என்று கூப்பிட்டு வந்தாள்.

சின்னக்கருப்பன் கயிற்றை அடிமரத்தில் மூன்று சுற்று சுற்றி, நுனியை என்னிடம் கொடுத்தார். “கையில சுத்தாத. நான் சொல்லும்போது கொஞ்சங் கொஞ்சமா விடு, போதும்.” கிளைக்கு அடியில் முதலில் ஒரு வெட்டு, பிறகுதான் மேலே. ஒரு ஓடுகூட உடையவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா?

இறங்கி வந்து கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார். அம்மா நாங்கள் குடிக்கும் டம்ளரில் டீயை இடது கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். கேட்டுக்குப் போகவில்லை. அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

“அவியள உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க.”

அப்பா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்களத்தான். உள்ள வாங்கன்னு சொல்லுங்க.”

டம்ளர் சரிந்து டீ கொஞ்சம் அம்மாவின் காலில் சிந்தியது. அவள் நகரவில்லை. அப்பா தலையைத் தூக்கவில்லை.