எண்பதைத் தாண்டினால் ஆடுகிறது

அக்டோபர் 9, வியாழன்

மழை விட்டபின் வரும் இந்த வெயில். மாடியில் போட்ட துணி மத்தியானத்துக்குள் அப்பளம்.

வாங்க: காபிப் பொடி, டெட்டால், நிலாவுக்கு முறுக்கு.

சனிக்கிழமை புனே, எங்கள் பெண் நிலாவின் ஹாஸ்டலுக்கு. "பஸ்லயே போயிடலாமே" என்றார் இவர். காரை எடுக்காமல் புனே போகலாம் என்று இந்த மனிதர் சொல்லி நான் கேட்டதில்லை. ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள் ஆபீஸ் வேலையாகக் காரில் நாசிக் போய்வந்தார். அதிலிருந்தே இப்படி.

சாயங்காலம் குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. கண்ணாடி முன் இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மூச்சுகூட விடாமல். என்னைக் கண்டதும் சோப்பைத் தேடுகிற மாதிரி.

மாமனாருக்கும் நடுக்கம் கையில்தான் ஆரம்பம். ஐம்பது வயதில். கடைசியில் டம்ளரை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவருக்கு வரும் மாசியில் ஐம்பது.

ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்லை" வரும். அதைத் தாங்க இன்று தெம்பில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஆபீஸில் ஏ.சி. படுத்துவிட்டது. ஃபைலால் விசிறிக்கொண்டே வேலை. தலைவலி.

சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "கை ஏதாவது பண்றதா?"

மோர் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். நாசிக் ரோட்டில் எண்பதைத் தாண்டினால் ஸ்டீயரிங்கில் கை நடுங்கியதாம். மெதுவாகப் போனால் இல்லையாம்.

"வேகம் போனா பயம், பயம் வந்தா நடுக்கம். அப்பாவும் இப்படித்தான் சொல்லுவார்." பிறகு, "நிலாட்ட சொல்லாதே."

ஒரு வாரமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, என்னோடு உட்கார்ந்து பட்டாணி உரித்திருக்கிறார்.

"நாளைக்கு நான் ஓட்டறேன்."

"எக்ஸ்பிரஸ்வேல நீயா?"

"லைசென்ஸ் என்ன, பூஜைல வெக்கறதுக்கா எடுத்தேன்?"

சிரித்தார். கொஞ்சம்.

அக்டோபர் 11, சனி

புனே. ஹாஸ்டல் வாசலில் நிலாவுக்காகக் காத்திருக்கும்போது எழுதுகிறேன். கை இன்னும் குறுகுறுக்கிறது.

வாஷி பாலம் வரை ஒன்றுமில்லை. எக்ஸ்பிரஸ்வேயில் எழுபது வரை பட்டு. எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் வண்டு மாதிரி. தொண்ணூறில் என் வளையல்கள் கிணுகிணுத்தன.

"ஏன்னா! என் கையைப் பாருங்கோ!"

பார்த்தார். "பயப்படறியா?"

"எனக்கென்ன பயம்? கார்தான்னா ஆடறது. கார்!"

வலது கையை நீட்டி, ஸ்டீயரிங்கில் என் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவும் ஆடியது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நான் ரோட்டை மட்டும் பார்த்தேன்.

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பித்துப் பிடித்துவிட்டது.
— பிரேக் போட்டால் அதிகமாகிறதா? இல்லை.
— சீட் ஆடுகிறதா? இல்லை. ஸ்டீயரிங் மட்டும். அப்படியானால் முன்சக்கரம்.
— ஒரு பக்கம் இழுக்கிறதா? இல்லை.
— நூறில்? குறைகிறது! பயமென்றால் கூடியல்லவா இருக்கும்?

"குறையறதுடி!" என்று இவர் கத்தினார், லாட்டரி விழுந்த மாதிரி.

பிறகு: நிலாவிடம் எல்லாம் சொன்னோம். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அரே, மத்தவா பேரண்ட்ஸ் லோனாவ்லால செல்ஃபி எடுப்பா. நீங்க வைப்ரேஷன் எடுத்துண்டு வந்திருக்கேள்" என்றாள். அப்புறம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மெஸ் வரை விடவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

புழுக்கம். காலையிலேயே சுனாபட்டி டயர் கடை. கடைக்காரர் செல்வம், திருநெல்வேலிப் பக்கம். "அலைன்மென்ட் பாத்துருவோம் சார்" என்றவரிடம், எண்பதில் ஆரம்பித்து நூறில் குறைவதைச் சொன்னேன். "அப்பம் வீல் பேலன்ஸ்லா, அக்கா" என்று முன்சக்கரங்களைக் கழற்றினார்.

ரிம்மின் உட்புறம் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள், பசை போன தடமாக. நான்தான் முதலில் பார்த்தேன். பின்சக்கரங்களில் அதே இடத்தில் சாம்பல் நிறத் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"ஏன்னா, பூஜைக்குச் சக்கரம் தேய்ச்சேளே, அப்போ இங்க ஏதாவது இருந்ததா?"

"ஏதோ அழுக்குக் கட்டி. வரவேமாட்டேன்னுது. தோசைத் திருப்பியால நெம்பி எடுத்தேன்."

செல்வம் வீல் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "அது பேலன்ஸ் வெயிட்டுல்லா சார்! சக்கரம் ஆடாம இருக்க ஒட்டி விடுதது நாங்க. சாமிக்குப் பளபளப்பா இருக்கணும்னு அதையே சொரண்டிட்டியளே!"

"பின்னாடி ஏன் சொரண்டல?" என்று நான்.

"முன்னாடி ரெண்டுக்கும் அடியிலதான் எலுமிச்சம்பழம் வைப்போம். பின்னாடி யார் பாக்கப்போறா?"

கடை முழுக்கச் சிரிப்பு. அதிகம் சிரித்தது இவர்தான். மெஷினில் சக்கரம் சுற்றுவதைப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். புது வெயிட் ஒட்டும்போது, "கெட்டியா ஒட்டுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "ஆனாலும் ஒருதடவை டாக்டர்ட்ட காட்டிடலாமோ?"

காட்டலாம் என்றேன். நானும் வருவேன் என்றேன். முன்பெல்லாம் டாக்டர் என்ற வார்த்தையே இந்த வீட்டில் வராது.

அக்டோபர் 13, திங்கள்

லேசாக மேகம். டப்பாவில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு. கரண்ட் பில்.

இவரே என்னை ஆபீஸில் விடுகிறேன் என்று சாவியை எடுத்தார். செம்பூரில் ஃப்ரீவே ஏறினோம். அறுபது. எழுபது. வேக முள்ளைவிட இவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். எண்பது. தாடை தளர்ந்தது. தோள் இறங்கியது.

"ஒண்ணுமில்லை" என்றார். இந்தத் தடவை நிஜமாகவே ஒன்றுமில்லை.

கியர் மேல் இருந்த கையின் மேல் என் கையை வைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் காரில் இப்படிச் செய்ததில்லை. இறங்குகிற இடம் வந்தது, முன்னால் டிராஃபிக்.

"எடுடி, கியர் மாத்தணும்."

எடுத்தேன். மாற்றினார். பிறகு கையைத் திருப்பி, உள்ளங்கை மேலே பார்க்க, விரித்து வைத்துக்கொண்டார்.