ஓடில்லாததும் நத்தைதான்

டயகம,
2024 ஜூன் 9

லோஜினிக்கு,

போனில் உன் பெயரைப் பார்த்தால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, அதனால்தான் கடிதம். அதுவும் என் மகள் வினோதாவுக்காக. என் கொழுந்தனைக் கட்டமாட்டேன் என்று நீ பெட்டியோடு இறங்கிப்போய் நாலு வருஷம். "இந்த வீடு வேணாமுன்னா இந்த அக்காவும் வேணாம், போ" என்றேன். அதில் மாற்றமில்லை.

நத்தை, அட்டை, கோவா இலையைத் தின்றுகொண்டு பாத்தியில் ஊர்கிற ஓடில்லாத கொழகொழப்பானது, மூன்றையும் இனம் பிரித்துப் படம் ஒட்டச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்: ஓடுள்ள நத்தை தனி, மற்ற இரண்டும் அட்டை. இருபது வருஷம் தேயிலைக் கொழுந்து மலையில் அட்டைக்கு இரத்தம் கொடுத்தவளுக்குத் தெரியாதா? பாத்தியில் கண்டதற்கெல்லாம் உப்புப் போட்டுக் கொல்கிறவள் நான். டீச்சர் பிழை போட்டுவிட்டார். "சித்தியக் கேட்டிருந்தா சரியாச் சொல்லியிருப்பாங்க" என்று பிள்ளை முகத்தைத் திருப்புகிறாள். நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறாய்தானே, எழுது.

வினோதாவின் அம்மா


பட்டிப்பொல,
2024 ஜூன் 16

அன்புள்ள அக்கா,

உறையில் உன் கோணல் எழுத்தைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ திட்டினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அட்டை மண்புழுவின் சொந்தம். உடம்பெல்லாம் வளையம், இரண்டு முனையிலும் ஒட்டிக்கொள்ளும். பாத்தியில் நீ கொல்வது நத்தையேதான். அதன் முன்னோருக்கு ஓடு சிறுத்துச் சிறுத்து இல்லாமல் போயிருக்கிறது. வெவ்வேறு நத்தைக் குடும்பங்களில் இது தனித்தனியாக நடந்ததாம். கொம்பைப் பார், நத்தைக்கு இருப்பதைப் போலவே நுனியில் கண். சிலவற்றின் முதுகுத் தோலுக்குள் ஓட்டுத் துண்டுகூட இருக்கும். அட்டைக்குக் கொம்பே கிடையாது. என் வகுப்பிலும் பாதிப்பேர் உன்னைப் போலத்தான் ஒட்டினார்கள்.

வாடகை அறையில் ஈரச் சுவரோடு குடித்தனம். உன் ரொட்டியும் கட்டச் சம்பலும் இல்லாமல் நாக்குச் செத்துவிட்டது. நான் வேண்டாமென்றது உன் கொழுந்தனைத்தான். உன்னை எப்போது வேண்டாமென்றேன்?

அன்புத் தங்கை
லோஜினி


டயகம,
2024 ஜூன் 30

என் லோஜி,

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் நானும் பிள்ளையும் பாத்தியில் குந்தியிருந்து பார்த்தோம். கொம்பை நீட்டியது. தொட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. "அம்மா, நத்தையேதான்!" என்று கத்தினாள். கையில் உப்பிருந்தும் போட மனம் வரவில்லை. தின்றுவிட்டுப் போகட்டும், நாலு கோவாதானே.

அன்று வாசலில் நின்று நான் உனக்குச் சொன்னதும் இதே பிழைதான். வீடு இல்லையென்றால் சொந்தமும் இல்லை என்று நினைத்துவிட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், போதுமா? கொழுந்தனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் ஆயிற்று. அவன் மறந்ததை நான் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன்.

வினோதா படத்தைப் பிய்த்து நத்தைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். பௌர்ணமிப் போயா லீவுக்கு வா. ரொட்டி சுட்டு வைக்கிறேன். குறுக்குப் பாதையில் ஏறினால் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொள். நீ டீச்சரென்று அட்டைக்குத் தெரியாது.

உன் அக்கா
பூரணி