உயிரோடிருக்கும் தாத்தாவுக்கு மதிப்பில்லை

தீர்த்தகிரி ஈசன் திருவடி துணை

அதியமான்கோட்டை,
மார்கழி, பிரதோஷம் கழிந்த மூன்றாம் நாள்.

அன்பு மகள் நிர்மலாதேவிக்கு உன் தந்தை பச்சியப்பன் நல்லாசி கூறி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். ஒரு கடிதத்தை இவ்வாக்கியத்தோடு தொடங்க நேரும் என்று நான் எண்ணியதில்லை. மஸ்கட்டில் உன் உடல்நலமும் மருத்துவமனைப் பணியும் எவ்வாறு உள்ளன என்று எழுது. இரவுப் பணி குறைந்ததா?

தொலைபேசியில் பேசியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் என் சினம் தளர்ந்துவிடும். தளரக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். இத்தாள்களைக் கைப்பேசியில் படம் பிடித்து இன்றே உனக்கு அனுப்புமாறு மாப்பிள்ளை முனிராஜிடம் சொல்லியுள்ளேன். அவர் ஓசூர்த் தொழிற்சாலைக்கு வழக்கம்போல் சென்று வருகிறார். இவ்வாண்டு பனி மிகுதி. தெருவார் தோட்டங்களில் சாமந்தி நன்றாகப் பூத்திருக்கிறது. அதில் ஒரு முழம் என் கழுத்துக்கும் வந்தது.

பிரதோஷத்தன்று விடியற்காலையில் தீர்த்தமலைக்குப் புறப்பட்டேன். மலையேறும்போது கைப்பேசியை நான் எடுத்துச் செல்வதில்லை என்பது உனக்குத் தெரியும். மாலை வழிபாடு வரை அங்கே தங்குவதே என் வழக்கம். அன்று முழங்கால் வலியால் உச்சிப் பூசையோடு இறங்கிவிட்டேன். பேத்தி தேவிப்பிரியாவுக்கு வடக்கே அவள் விரும்பிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டும் என்பதே ஈசனிடம் நான் வைத்த விண்ணப்பம். அவளுக்காக அங்கே நான் கைகூப்பி நின்ற நேரத்தில் இங்கே என்னைக் கொன்றுகொண்டிருந்தீர்கள்.

ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது தேநீர்க்கடை நஞ்சப்பன் கதவைப் பாதி இறக்கியிருந்தான். என்னைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கி, "வாத்தியாரய்யா, உங்களுக்குத்தாங்க கடைய சாத்தறேன்" என்றான். எதற்கு என்றேன். "நீங்க போயிட்டீங்கன்னு சொன்னாங்கங்க" என்றான். தீர்த்தமலைக்குத்தானே போனேன் என்றேன். அவன் குனிந்து, என் கால்கள் நிலத்தில் பதிகின்றனவா என்று பார்த்தான்.

வீட்டு வாசலில் நாற்காலி. நாற்காலியில் நான் பணி ஓய்வு பெற்ற நாளில் எடுத்த படம். நெற்றியில் சந்தனம், கழுத்தில் சாமந்தி மாலை, முன்னே எரியும் விளக்கு. படம் பிடித்து முடித்தவர்கள் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, அடுத்த படம் எடுக்கப் பால் சங்கக் கட்டடத்துக்குப் போயிருந்தார்கள். பூட்டிய வீட்டையும் எரியும் விளக்கையும் ஆடு ஓட்டி வந்த பெரியம்மாள் கண்டிருக்கிறாள். பிறகு கேட்க வேண்டுமா? பச்சைப் பந்தலுக்குத் தென்னங்கீற்று வந்துவிட்டது. சங்கு ஊதுபவரும் வந்துவிட்டார். பெரியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு, "என் ஆட்ட ஒருநாளும் வையாத மகராசா" என்று பாடிக்கொண்டிருந்தாள். அவள் ஆடுகளை நான் வையாத நாளே இல்லை. இறந்தவனுக்கு அதுவும் மன்னிக்கப்பட்டிருந்தது.

நான் வெளிக்கதவருகே நின்றபோதுதான், முனிராஜின் தங்கை சுகுணா உனக்குத் துக்கம் சொல்லத் தொலைபேசியை எல்லாரும் கேட்கும்படி வைத்திருந்தாள். நீ அழுவாய் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன், மகளே. நீ அழவில்லை. "அய்யோ, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. அது காலேஜுக்கு எடுத்த போட்டோ. மொதல்ல மாலயக் கழட்டச் சொல்லுங்க" என்றாய். பெரியம்மாள் எழுந்து, "காலேஜுல சேரத்துக்கு வூட்டுல ஒருத்தரு சாவணுமாடி? என்னாடி படிப்பு அது?" என்று தொலைபேசியைப் பார்த்துக் கேட்டாள். அக்கேள்வியை நான் இக்கடிதத்தில் மறுபடியும் வைக்கிறேன்.

இழவு பாடிய ஆளைத் தலைமுழுக்கு இல்லாமல் வீட்டுக்குள் விட மாட்டேன் என்று பெரியம்மாள் வழிமறித்தாள். என் வாசலிலேயே மஞ்சள்நீர் ஊற்றி, பூசணிக்காய் உடைத்து, சூடம் சுற்றி, "ஆயுசு கெட்டி" என்று சொல்லி என்னை உள்ளே அனுப்பினார்கள். ஈரத் துணியோடு நின்ற என்னைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரிப்பை நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது அதன்பின் வந்தது. உயர்ந்த கல்லூரிகளில் இடம் கிடைக்கும் வாய்ப்பைக் கணித்து, அதைக் கூட்டித் தருவதைத் தொழிலாகக் கொண்டவன் என்று நீ தொலைபேசியிலேயே பேசி அமர்த்தினாயே, தருமபுரி அறிவழகன், அவன் தேவியை அழைத்துக்கொண்டு காரில் திரும்பினான். கூச்சம் என்பது அவன் முகத்தில் மருந்துக்கும் இல்லை. மடிக்கணினியைத் திறந்து வண்ணக் கட்டங்களைக் காட்டி எனக்கு விளக்கினான். "பாப்பாவுக்கு மார்க்கு இருக்குதுங்க. மார்க்கு எல்லாருக்கும் இருக்குதுங்களே! இப்படியே அனுப்பினா நூத்துக்கு இருபதுதான் சான்ஸ். விண்ணப்பத்தோட வைக்கற கட்டுரையில நீங்க காலமாயிட்டா அறுபது. உயிரோட இருக்கற தாத்தாவுக்கு வெயிட்டேஜ் இல்லீங்க, தப்பா நினைக்காதீங்க." அவள் அங்கே சேர்ந்தபின் நான் அவளைக் காண வந்தால் என்ன சொல்வீர் என்று கேட்டேன். "அப்ப பெரிய தாத்தான்னு சொல்லிக்கலாங்க" என்றான். ஈசன் அளந்து கொடுத்த மூச்சை இவன் சந்தைப் பொருளாக நிறுத்துப் பார்க்கிறான். அவன் குடித்துவிட்டு வைத்த தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கழுவவும் எனக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பு பாவம் என்று தெரியும். இருந்தும் அது போகவில்லை.

மறுநாள் சித்தேரியிலிருந்து நண்பர் சின்னராஜ், மாலையோடும் ஒரு பை சாமையோடும் மலைப் பேருந்தில் வந்து இறங்கினார். என்னைக் கண்டு மாலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் திகைத்தார். அவரிடம்தான் மற்றொன்றை அறிந்தேன். சென்ற மாதம் அறிவழகன் தேவியைச் சித்தேரிக்கு அழைத்துப் போய், என் பெயரால் நினைவு வாசகசாலை திறந்தானாம். "பேனர்ல நீங்க சிரிச்சிட்டு இருந்தீங்க. மேல அமரர்னு போட்டிருந்துச்சுங்க. படிச்ச பெரியவங்களுக்குக் குடுக்கற பட்டம்னு நெனச்சிட்டேங்க" என்றார் சின்னராஜ். குழந்தைகள் கையில் புத்தகம் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அத்தனை புத்தகங்களையும் திரும்ப வாங்கிக் காரில் ஏற்றிக்கொண்டார்கள். வேறொரு மாணவி வேறொரு மலையில் வாசகசாலை திறக்க அவை வேண்டுமாம்.

நிர்மலா, நான் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். நாள்தோறும் சந்நிதியில் நின்று பதிகம் பாடுகிறவன். பசித்தவன் திருடுவதை அறிவேன். அச்சத்தால் பொய் சொல்பவனை அறிவேன். கொடுத்த கையாலேயே குழந்தையின் கையிலிருந்து பிடுங்கி, அதற்குத் தொண்டு என்று பெயரிட்டு, அதைக் காட்டிக் கல்விக்கூடத்தில் நுழைவதை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தேவி அன்று உண்ணவில்லை. சின்னராஜ் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றவள், அவர் போனபின் வந்து, "ஒரு கொழந்த விடவே மாட்டேன்னுச்சு தாத்தா. அதும் வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் புக்க வாங்குனது நான்தான்" என்றாள். நான் சொல்ல வேண்டியதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவ்விரவே உட்கார்ந்து அவள் வேறு கட்டுரை எழுதிவிட்டாள். நம் தெருப் பூ விவசாயிகளுக்காகப் பெங்களூர்ச் சந்தை வியாபாரிகளோடு கன்னடத்தில் பேசி விலை முடித்துத் தருகிறாளே, அதைப் பற்றி. எந்த வியாபாரி எப்படிக் குரலை மாற்றுவான், எந்தச் சொல்லுக்கு இறங்கி வருவான் என்றெல்லாம் எழுதியிருக்கிறாள். படித்துச் சிரித்தேன். அறிவழகன் அதைப் படித்துவிட்டு, "பூ வியாபாரங்களா? இதுல அழுகை எங்கங்க இருக்குது?" என்று கேட்டான். அவன் கணக்கில் அவள் வாய்ப்பு மறுபடியும் இருபதுக்கு இறங்கிவிட்டது. "இருபதுன்னா இருபதுதான். கெடைக்கலன்னா சேலத்துல காலேஜே இல்லியா?" என்று அவள் சொன்னாள். சொன்னபோது அவள் கண் கலங்கியதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த இடத்தை அவள் எவ்வளவு விரும்புகிறாள் என்பது எனக்கும் தெரியும்.

இனி உன் கையில் உள்ளது. விண்ணப்பத்தின் கடவுச்சொல் அறிவழகனிடம் இருக்கிறது. நீ சொன்னால் அன்றி எதையும் மாற்ற மாட்டானாம். பொங்கலுக்கு முன் அதை அனுப்பியாக வேண்டும். அவனை அழைத்து, என் சாவை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடச் சொல். தேவி எழுதியதே போகட்டும். சித்தேரிப் பிள்ளைகளுக்கு அத்தனை புத்தகங்களையும் திரும்பக் கொடுக்கச் சொல். தேவியே கொண்டுபோய்க் கொடுப்பாள். நீ பெண்ணின் நன்மைக்கே செய்தாய் என்று அறிவேன். தூரத்தில் இருக்கும் தாய்க்கு எதையேனும் செய்துகொண்டே இருக்க வேண்டும் போலும்.

தன்னிடமிருந்த அந்தப் பழைய கட்டுரையை அழிக்குமுன் தேவி எனக்கு முழுதும் படித்துக் காட்டினாள். அதில் நீ வருகிறாய். விமானத்திலிருந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடி வந்து, என் கட்டிலருகே அமர்ந்து என் கால்களைப் பிடித்துக்கொள்கிறாய். அறிவழகன் எழுதிய அவ்வளவு கசட்டிலும் அந்த ஒரு வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். தேவி இப்போது எழுதியுள்ளதில் நீ வரவில்லை. அம்மாவை நேரில் கண்டு நான்கு பொங்கல் ஆயிற்று என்றே எழுதியிருக்கிறாள். அதைப் படித்து நீ வருந்தி, மாற்றச் சொல்லக் கூடும். அந்த வரியைத் திருத்த வேண்டிய இடம் கட்டுரை அன்று, மகளே.

நீயும் உன் கைபட்ட நோயாளர் அனைவரும் நலமுற்று வாழ ஈசன் அருள்க.

இப்படிக்கு,
இன்னும் இருக்கும் உன் தந்தை,
பச்சியப்பன்